மூன்று நிறம், எத்தனை ஊசித்தட்டான்?

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2023

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் ஒன்று இருக்கிறது. ஒரே வாரத்தில் அங்கே மூன்று வகை ஊசித்தட்டான்களைப் படம் எடுத்துவிட்டேன். ஒன்று பச்சை மார்பு, கருப்பு உடல், வால் நுனியில் நீலம். இரண்டாவது ஆரஞ்சு. மூன்றாவது சாம்பல் பூசியதுபோல் மங்கலான நீலம். மூன்றும் மூன்று தனி இனம் என்பது என் கணக்கு. பெயர் சொல்ல முடியுமா?

4 ஜூன் 2023, இரவு

மூன்று அல்ல, ஒன்றுதான். இஸ்க்னூரா வெர்ட்டிகாலிஸ். அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் எந்தக் குளத்தங்கரையில் குனிந்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். பச்சை மார்பு உள்ளது ஆண். ஆரஞ்சு, தோலுரித்து வெளிவந்து சில நாட்களே ஆன பெண். அதே பெண்ணுக்கு வயது ஏற ஏற ஆரஞ்சு மங்கி, கருந்திராட்சையின் மேல் படிந்திருக்குமே ஒரு வெண்பொடி, அதுபோல உடலெங்கும் பூத்துவிடும். உங்கள் மூன்றாவது படம் அந்தக் கிழவிதான்.

நிறத்தை நம்பி இனம் பிரிக்கக் கூடாது என்பதை ஊசித்தட்டான் பார்க்க ஆரம்பிக்கும் ஒவ்வொருவரும் இந்த இனத்திடம்தான் கற்றுக்கொள்கிறோம். இறக்கையை எப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். முதுகின் மேல் மூடியிருந்தால் குளத்து ஊசிகளின் குடும்பமான சீனாக்ரியானிடே. பாதி விரித்திருந்தால் லெஸ்டிடே. அதன்பின் நிறத்துக்கு வாருங்கள்.

5 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. வெர்ட்டிகாலிஸ் பெண்களில் மிகச் சில, ஆணைப் போலவே பச்சை மார்பும் நீல நுனியுமாக இருக்கும். தெற்கே ஃப்ளோரிடா பக்கம் இருக்கும் இஸ்க்னூரா ரம்புரியில் இது சாதாரணம். ஆண் நிறப் பெண், ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பாகும் பெண் என இரண்டு வடிவங்கள் ஒரே குளத்தில் திரியும். ஓயாமல் துரத்தும் ஆண்களின் தொல்லையிலிருந்து தப்பவே இந்த மாறுவேடம் என்பது ஒரு விளக்கம். ஆகவே ‘பச்சை என்றால் ஆண்’ என்றும் எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றில் வளையம் வளையமாக இருக்கும் கண்டங்களில் இரண்டாவதன் அடியில் புடைப்பு இருக்கிறதா, வால் நுனியின் அடியில் முட்டையிடும் அலகு இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது ஆண், இரண்டாவது பெண். இந்த அடையாளம் மாறாது.

9 ஜூன் 2023

குடும்பம் பிரிப்பது பற்றி இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஊசித்தட்டான் இனங்கள் 130க்கு மேல். அவற்றில் பெரும்பகுதியை மூன்று குடும்பங்களுக்குள் அடக்கிவிடலாம் என்பதால் வேலை நினைப்பதைவிட எளிது.

இறக்கையின் முன் விளிம்பைப் பாருங்கள். நடுவில் சற்று மடிந்ததுபோல் ஒரு கணு இருக்கும். இறக்கை முளைக்கும் இடத்துக்கும் அந்தக் கணுவுக்கும் நடுவே விளிம்பை ஒட்டிய குறுக்கு நரம்புகளை எண்ணுங்கள். இரண்டே இரண்டு என்றால் சீனாக்ரியானிடே அல்லது லெஸ்டிடே. எண்ண முடியாதபடி ஏணிப்படிபோல் நெருங்கிக் கிடந்தால் காலாப்டெரிஜிடே. பழகிய பிறகு எண்ண வேண்டியதில்லை. காலாப்டெரிஜிடே இறக்கைக்குக் காம்பு கிடையாது, அடியிலிருந்தே அகலமாக வரும். மற்ற இரண்டுக்கும் கரண்டிக் காம்புபோல் ஒடுங்கித் தொடங்கும்.

இதைச் சொன்னால் கலாப்டெரிக்ஸ் மாகுலாட்டாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியூ ஜெர்சியில் நான் நடக்கப்போகும் ஓடையில் ஜூன் மாதம் முழுக்க இதன் ராஜ்யம். ஆணின் இறக்கை நான்கும் மைக்கறுப்பு. உடல், நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பச்சை, ஒரு அடி நகர்ந்து பார்த்தால் நீலம். அந்த நிறம் சாயத்தால் வருவதல்ல, உடலின் மேல்தோல் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. பெண்ணின் இறக்கை புகை படிந்த பழுப்பு, நுனியருகே வெள்ளைப் பொட்டு. பெண் நீரில் மிதக்கும் செடித் தண்டில் முட்டையைச் செருகும்போது ஆண் பக்கத்து இலையில் உட்கார்ந்து காவல் காக்கும். வேறொரு ஆண் வந்தால் இரண்டும் ஓடையின் மேல் வட்டமிட்டுச் சண்டை போடும். ஒருநாள் காலை நான் பார்த்த சண்டை கால்மணி நேரத்துக்கு மேல் நீடித்தது.

அந்தக் காவலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜோனதன் வாகே என்பவர் இதே இனத்தை ஆராய்ந்து 1979இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஆணின் உறுப்பு தன் விந்தைச் செலுத்துவதற்கு முன், அந்தப் பெண்ணிடம் முன்பு சேர்ந்த ஆணின் விந்தைச் சுரண்டி வெளியே எடுத்துவிடுகிறது. ஒரே உறுப்புக்கு இரண்டு வேலை. கண் அயர்ந்தால் அடுத்தவன் வந்து அத்தனையையும் துடைத்துவிடுவான். பூச்சிகளின் இனச்சேர்க்கை பற்றிய பேச்சே அதற்குப் பிறகு மாறிவிட்டது. வீட்டுப் பின்புற ஓடையில் பறக்கும் பூச்சியிடம்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

10 ஜூன் 2023

‘இறக்கையைப் பாதி விரித்திருந்தால் லெஸ்டிடே’ என்று 4ஆம் தேதி எழுதினேன். அதைப் படித்த ஒருவர், இறக்கை விரித்த படம் ஒன்றை அனுப்பி, அந்தக் குடும்பத்து லெஸ்டீஸ் பேரினத்தில் இது எது என்று கேட்கிறார். படத்தில் இருப்பது லெஸ்டீஸே அல்ல. க்ரோமாக்ரியான் கண்டிட்டம். மார்பின் பக்கத்தில், பின்பகுதியில், பளிச்சென்ற மஞ்சள் திட்டு. அந்த ஒன்றே போதும். சீனாக்ரியானிடேக்காரிதான், ஆனால் இறக்கையை விரித்து உட்காரும் பழக்கம் உண்டு. தப்பு அவருடையது அல்ல, நான் கொடுத்த விதியில் இருக்கிறது. லெஸ்டீஸும் மழையிலும் குளிரிலும் இறக்கையை மூடிக்கொள்வதுண்டு. உட்காரும் விதம் ஒரு சாடை. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

17 ஜூன் 2023

எனலக்மா. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நீலமும் கருப்பும் மாறிமாறி வரும் இந்தப் பேரினத்தில் வட அமெரிக்காவில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள். எல்லாம் நீலம் என்று நினைக்க வேண்டாம். எனலக்மா சிக்னாட்டம் ஆரஞ்சு, வெஸ்பெரம் மஞ்சள். ஆனால் நீலமாக இருப்பவை நம்மைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. சிவிலே, ஹாகனி, எப்ரியம், அன்னெக்ஸம், போரியாலே என்று ஐந்து ஆண்களை வரிசையாக வைத்து மேலிருந்து படம் எடுத்தால், ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தவை.

இரண்டு வருடம் நான் வலையைத் தொடவே இல்லை. படம் போதும், பூச்சியைப் பிடிப்பது பாவம் என்று இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் எடுத்த எனலக்மா படங்களில் முக்கால்வாசியை இன்றைக்கும் பெயரில்லாமல்தான் வைத்திருக்கிறேன். பிறகு வடக்கு நியூ ஜெர்சியில் ஒரு ஏரிக்கரையில் அனுபவசாலி ஒருவர் என் கையில் ஒரு ஆணைக் கொடுத்தார். நான்கு இறக்கைகளையும் முதுகின் மேல் சேர்த்து, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அழுத்தக் கூடாது, பிடித்திருந்தால் போதும். பூச்சி துள்ளவில்லை. தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பியது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, வால் நுனியைப் பக்கவாட்டில் பார்த்தேன். நீலக் கண்டம் முடியும் இடத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு ஜோடி கருப்புக் கவ்விகள். பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொன்றும் கவண்கிளைபோல் மேலொன்று கீழொன்றாகப் பிளந்திருந்தது. ‘பிளவு தெரிகிறதா? எப்ரியம்’ என்றார் அவர். அடுத்து வலையில் விழுந்ததன் கவ்வியில் அந்தக் கவண் இல்லை. ஹாகனி. உடம்பின் நிறத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி வித்தியாசத்தைக்கூட என்னால் காட்ட முடியவில்லை.

கையிலிருந்து விட்டதும் இரண்டும் கோரைக்குள் போய் உட்கார்ந்தன. எது எது என்று மறு நிமிடமே தெரியாமல் போயிற்று.

எப்ரியம் என்றால் லத்தீனில் குடிபோதை. வைத்தவர் ஹெர்மன் ஹாகன், 1861இல், ஸ்மித்சோனியன் வெளியிட்ட தன் வட அமெரிக்கப் பூச்சித் தொகுப்பில். அப்போது அவர் ஐரோப்பாவில்தான் இருந்தார். ஹார்வர்டுக்கு வந்தது 1867இல். இதன் இரட்டைச் சகோதரனான ஹாகனிக்கு 1863இல் வால்ஷ் என்ற பூச்சியியலாளர் ஹாகன் பெயரையே வைத்தார். ஆக, ஹாகன் பெயரிட்டதும் ஹாகனின் பெயர் கொண்டதும் ஒரே கோரையில் உட்கார்ந்து நம்மைக் குழப்புகின்றன.

இளம் பூச்சியை மட்டும் பிடிக்காதீர்கள். தோலுரித்த அன்று இறக்கை ஈரக் காகிதம்போல் இருக்கும், பளபளக்கும். விரல் பட்டால் மடிந்துவிடும், பிறகு நிமிராது. எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. அந்தப் பூச்சி என் கண் முன்னாலேயே பறக்க முயன்று முயன்று புல்லில் விழுந்தது. அதன் பிறகு இறக்கையில் பளபளப்பு தெரிந்தால் வலையைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

18 ஜூன் 2023

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நாம் கவ்வியைப் பார்ப்பது நம் வசதிக்காக மட்டுமல்ல.

ஆண் அந்தக் கவ்வியால் பெண்ணைப் பிடிப்பது தலைக்குப் பின்னால், மார்பு தொடங்கும் இடத்தில். அங்கே பெண்ணுக்கு இரண்டு சின்னத் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு இனத்துக்கும் தகட்டின் மேடு பள்ளம் வேறு. கவ்வி அதில் சரியாகப் பொருந்தினால் பெண் வயிற்றை வளைத்துச் சேரும். பொருந்தாவிட்டால் வளைக்காது. நிறத்தைப் பார்த்து ஆண் ஏமாறலாம், ஏமாறியும் விடுகிறது. வேற்றினப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு பறக்கும் ஆணை நானே பார்த்திருக்கிறேன். பெண் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

நாம் லென்ஸ் வைத்துத் தேடுவதை அது மார்பால் தடவித் தெரிந்துகொள்கிறது. பெண் எனலக்மாவை அடையாளம் காண நாம் பார்க்க வேண்டியதும் அதே தகடுகளைத்தான். இருபது மடங்கு லென்ஸ் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

மரபணு பார்த்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பேரினத்தில் பல இனங்கள் பிரிந்தது பனியுகக் காலத்தில்தான், பூமியின் கணக்கில் நேற்று. வழக்கமாகப் பார்க்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் துண்டு ஹாகனி, எப்ரியம் கூட்டத்தில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. கவ்வி பிரித்துக் காட்டுகிறது. மார்க் மெக்பீக் பல ஆண்டுகள் இதில் உழைத்தவர். மீன் உள்ள ஏரியில் வளரும் எனலக்மா இளம்பருவம் அசையாமல் பதுங்கும், மீனில்லாமல் பெருந்தட்டான் இளம்பருவங்கள் வேட்டையாடும் குளத்தில் வளர்வது நீந்தி ஓடும் என்பதையும் அவர் ஆய்வுகள் காட்டின. மீனிடம் நீந்தினால் சாவு, தட்டானிடம் நின்றால் சாவு. எந்த நீரில் மீன் இருக்கிறது என்று தெரிந்தாலே பட்டியலில் பாதிப் பெயரை அடித்துவிடலாம்.

2 ஜூலை 2023

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் ஆரஞ்சுப் படத்தை இன்று பெரிய திரையில் திறந்தேன். முதல் நாள் கைப்பேசியில் பார்த்துப் பதில் சொல்லிவிட்டேன். அது தவறு.

வெர்ட்டிகாலிஸ் இளம்பெண்ணுக்கு ஆரஞ்சு மார்பின் தோளில் தடித்த கருப்புக் கோடு இருக்கும். வயிற்றின் முதல் இரண்டு மூன்று கண்டங்கள் மட்டும் ஆரஞ்சு, அதற்கப்புறம் மேற்புறம் முழுக்கக் கருப்பு. உங்கள் படத்தில் தோளில் அந்தத் தடித்த கோடு இல்லை. ஆரஞ்சு வயிற்றின் பாதி வரை ஓடுகிறது, கருப்பு அதன் பிறகுதான் தொடங்குகிறது. பக்கத்தில் இருக்கும் கோரை இதழை வைத்துப் பார்த்தால் பூச்சி மிகச் சின்னது. இது இஸ்க்னூரா ஹஸ்டாட்டா.

ஆக, மூன்று படத்தில் இரண்டு இனம். மூன்று என்ற உங்கள் கணக்கும் சரியல்ல, ஒன்று என்ற என் கணக்கும் சரியல்ல. நிறத்தை நம்பாதீர்கள் என்று எழுதிய அதே பதிலில் ‘ஆரஞ்சு, ஆகவே இளம் வெர்ட்டிகாலிஸ்’ என்று நிறத்தை வைத்தே முடிவு செய்திருக்கிறேன். மன்னியுங்கள்.

ஒரு வேலை செய்ய முடியுமா? அதே குளத்தில் ஹஸ்டாட்டா ஆணைத் தேடுங்கள். மஞ்சள் வால், முழங்கால் உயரப் புல்லுக்குள் கீழே பறக்கும், நீரின் மேல் தேடாதீர்கள். கிடைத்தால் முன்னிறக்கையைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். ஏன் என்று கிடைத்த பிறகு சொல்கிறேன்.

3 ஜூலை 2023

வெர்ட்டிகாலிஸ், ஹஸ்டாட்டா இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒருவரே, தாமஸ் சே. அமெரிக்கப் பூச்சியியலின் தந்தை என்று சொல்லப்படுபவர், பிறந்தது ஃபிலடெல்ஃபியாவில், உங்கள் மாநிலம்தான். இண்டியானாவில் நியூ ஹார்மனி என்ற ஊரில் 1834இல் இறந்துவிட்டார். இந்தப் பெயர்கள் அச்சேறியது 1839இல். லெஸ்டீஸ் ரெக்டாங்குலாரிஸும் அதே கட்டுரைதான். இரண்டு இஸ்க்னூராவையும் அவர் பிரித்து வைத்தது சரியாகவே நின்றிருக்கிறது.

ஹஸ்டாட்டா பற்றி இன்னொன்று. அமெரிக்கக் கண்டங்களில் எங்கும் இதற்கு ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. அட்லாண்டிக்கின் நடுவே அசோரஸ் தீவுகளில் இருக்கும் கூட்டத்தில் ஆணே கிடையாது. பெண்கள் சேர்க்கையில்லாமல் முட்டையிடுகின்றன, அந்த முட்டைகள் பொரித்து மறுபடி பெண்களே வருகின்றன. தட்டான், ஊசித்தட்டான் எல்லாவற்றிலும் இயற்கையில் இப்படி வாழ்வதாகத் தெரிந்த கூட்டம் இது ஒன்றே. தீவுக்கு முதலில் வந்து சேர்ந்தவற்றில் ஒரே ஒரு பெண் உயிரோடு இருந்திருந்தாலும் போதுமே என்று எண்ணிப் பார்க்கிறேன்.

22 ஜூலை 2023

வெயில் கொளுத்துகிறது, ஓடைப் பாறைகள் முழுக்க ஆர்ஜியா என்ற பேரினத்து ஊசித்தட்டான்கள். எனலக்மாவையும் ஆர்ஜியாவையும் குழப்புபவர்களுக்குச் சுருக்கமாக: செடியில் உட்காருவது எனலக்மா, பாறை, மணல், நடைபாதை என்று தரையில் உட்காருவது பெரும்பாலும் ஆர்ஜியா. பறக்கும்போது துள்ளும். மூடிய இறக்கையை வயிற்றுக்கு மேலே உயர்த்திப் பிடித்திருக்கும், எனலக்மா பக்கத்தோடு சேர்த்து வைத்திருக்கும். உறுதி வேண்டுமானால் காலின் முட்களைப் பாருங்கள். ஆர்ஜியாவின் முள், முள்ளுக்கும் முள்ளுக்கும் உள்ள இடைவெளியைப்போல் இரு மடங்கு நீளம். சீப்புபோல் இருக்கும். கனடா முதல் அர்ஜென்டினா வரை நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள், அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி ஒன்றுகூட இல்லை.

இங்கே கிடைக்கும் ஊதா நிற ஆர்ஜியாவைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் பேசலாம். எங்கள் ஓடையில் அதன் இறக்கை கண்ணாடி. ஃப்ளோரிடாவில் அதே பூச்சிக்கு இறக்கை கரும்பழுப்பு. பார்த்த மாத்திரத்தில் வேறு இனம் என்றுதான் எவரும் சொல்வார்கள், அப்படித்தான் நூறு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். லியனோரா கிளாய்ட் 1968இல் இரண்டையும் ஆர்ஜியா ஃபியூமிபென்னிஸ் என்ற ஒரே இனத்தில் சேர்த்து, மூன்று துணையினங்களாக வைத்தார். எனலக்மாவில் நிறம் ஒன்று, இனம் இரண்டு. இங்கே நிறம் இரண்டு, இனம் ஒன்று.

13 ஆகஸ்ட் 2023

தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார்: அங்கே ஓடைக்கரையில் பார்க்கும் கருப்பு நூல்போன்ற ப்ரோடாசினூராவும் டெக்சஸில் இருக்கும் ப்ரோட்டோனூராவும் ஒரே குடும்பம் என்று பழைய நூலில் இருக்கிறதே, இப்போது ஏன் வேறுவேறாகப் போட்டிருக்கிறார்கள்?

நல்ல கேள்வி, இந்த விவாதத்தின் நடு நரம்பு இதுதான். இரண்டும் நூல்போல் மெலிந்தவை, இரண்டுக்கும் இறக்கை நரம்புகள் ஒரே மாதிரி குறைந்து போயிருக்கின்றன. நரம்பை நம்பி ப்ரோட்டோனூரிடே என்ற ஒரே குடும்பத்தில் அடைத்திருந்தார்கள். டைக்ஸ்ட்ராவும் மற்றவர்களும் 2014இல் மரபணுவை வைத்து உலகின் ஊசித்தட்டான் குடும்பங்களை மறுபடி வரிசைப்படுத்தினார்கள். அதில் அமெரிக்க நூல்வால்கள் சீனாக்ரியானிடேக்குள் போயின. இந்தியாவில் இருப்பவை ப்ளாட்டிக்னெமிடிடேக்குப் போயின. நடுவே பெரிய கடல் இருக்க, மெலிந்த உடலும் குறைந்த நரம்பும் இரண்டு இடத்தில் தனித்தனியே வந்திருக்கின்றன.

9 ஜூன் அன்று நரம்பை எண்ணுங்கள் என்று அவ்வளவு உறுதியாக எழுதினேன். எண்ணுவது இன்றைக்கும் சரிதான், வடக்கில் குடும்பம் கண்டுபிடிக்க அதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் நரம்பு ஒத்திருக்கிறது என்பதால் உறவும் உண்டு என்று அர்த்தமில்லை. ஒரு பூச்சியை அடையாளம் காண்பது ஒரு வேலை, அதன் பரம்பரையைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

28 ஜனவரி 2024

கோஸ்டா ரிகாவிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கரீபியப் பக்கத்து மழைக்காடு. காலை முழுக்கத் தூறல், பதினொரு மணிக்கு வெயில். பெரிய மரம் ஒன்று விழுந்து கூரை திறந்திருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் நான்கு நீலத் திட்டுகள் காற்றில் சுற்றுவதுதான் தெரிந்தது. உடல் தெரியவே இல்லை. வயிறு அவ்வளவு மெல்லிசு, இறக்கையின் உட்பகுதி அவ்வளவு கண்ணாடி. நுனிப்பக்கத்து அடர்நீலப் பட்டை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, எண்ணிவிடக்கூடிய வேகத்தில் அடித்தது. மெகலோப்ரெபஸ். இறக்கை விரித்தால் 19 சென்டிமீட்டர் வரை. இன்று உயிரோடிருக்கும் தட்டான், ஊசித்தட்டான் எதற்கும் இவ்வளவு அகலமில்லை.

அது ஒரு சிலந்தி வலைக்கு முன்னால் வந்து அந்தரத்தில் நின்றது. சற்றுப் பின்வாங்கியது. ஒரு பாய்ச்சல், வலையின் நடுவிலிருந்து சிலந்தியைப் பறித்துக்கொண்டு பின்னோக்கியே வெளியே வந்தது. வலையில் இறக்கை படவில்லை. கொம்பில் தொங்கிக்கொண்டு சாப்பிட்டது. நான் காமிராவைத் தூக்கவே மறந்துவிட்டேன்.

இவை முட்டையிடுவது குளத்திலோ ஓடையிலோ அல்ல, மரப்பொந்தில் தேங்கும் மழைநீரில். பனாமாவில் பரோ கொலராடோ தீவில் ஓலா ஃபின்கே நெடுங்காலம் ஆராய்ந்து, பெரிய பொந்தை ஆண் எப்படிக் காத்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். பொந்துக்குள் இளம்பருவம் கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும் தின்று வளர்கிறது. இதன் உறவுக்காரர்கள் சிலர் மரத்தின் மேல் வளரும் ப்ரொமிலியாச் செடியின் இலைக்கக்கத்தில் தேங்கும் நீரோடு திருப்தியடைந்துவிடுகின்றன. ஃபிலிப் கால்வர்ட் 1909இலும் 1910இலும் கோஸ்டா ரிகாவில் தங்கி அதைப் பார்த்து எழுதினார். அவரும் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்காரர்.

இந்தப் பெரியவர்களுக்கும் தனிக் குடும்பம் இருந்தது, சூடோஸ்டிக்மாடிடே என்று. அதையும் 2014இல் சீனாக்ரியானிடேக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதாவது, கேள்வி கேட்டவரின் குளத்தில் இரண்டரை சென்டிமீட்டரில் பறக்கும் ஹஸ்டாட்டாவும் இந்த நீலக் காற்றாடியும் இப்போது ஒரே குடும்பம். உடனே இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அதன் வால் நுனியையும் நெற்றியையும் எடுத்த படத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது கொஞ்சம் சமாதானம் ஆயிற்று.

இன்னொன்று. என் குறிப்பேட்டில் ‘மெகலோப்ரெபஸ் கேருலாட்டஸ்’ என்று எழுதிவிட்டு வந்தேன், ஏனென்றால் மிக நெடுங்காலம் இந்தப் பேரினத்தில் அந்த ஒரே பெயர்தான். செலிஸ் என்ற ஆய்வாளர் 1860இல் பிரித்த இரண்டை அதற்குள்ளேயே அடக்கியிருந்தார்கள். 2022இல் ஃபைண்டும் ஹாட்ரிஸும் அந்த இரண்டுக்கும் மறுபடி உயிர் கொடுத்தார்கள், டியாபொலி என்று புதிதாக ஒன்றையும் சேர்த்தார்கள். ஆக நான்கு. நான் நின்ற இடத்தை வைத்துப் பார்த்தால் என்னுடையது கேருலாட்டஸ் என்பதில் பெரிய சந்தேகமில்லை. ஆனாலும் இடத்தை வைத்துப் பெயர் சொல்வது, நிறத்தை வைத்துச் சொல்வதற்குத் தம்பிதான்.

29 ஜனவரி 2024

இரண்டு வரி. குறுக்கு நரம்பு ஏணிபோல் இருந்தால் காலாப்டெரிஜிடே என்ற விதி வெப்பமண்டலத்தில் உடைந்துவிடுகிறது. அங்கே ஓடைக்கரை மரத்தண்டில் உட்கார்ந்திருந்த பாலிதோரிடே குடும்பத்து ஆணுக்கும் அதே ஏணி. மெக்ஸிகோவுக்குத் தெற்கே போகிறவர்கள் என் 9 ஜூன் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

11 பிப்ரவரி 2024

காலாப்டெரிஜிடே குடும்பத்து ஹெட்டேரினா படங்களையெல்லாம் இன்று திறந்து உட்கார்ந்தேன். ஆணின் இறக்கை அடியில் ரத்தச் சிவப்புத் திட்டு, ஓடைக் கல்லில் உட்கார்ந்திருக்கும், பார்த்த உடனே ‘அமெரிக்கானா’ என்று எழுதிவிடுவேன். ஃபப்ரீசியஸ் 1798இல் வைத்த பெயர், அதில் என்ன சந்தேகம் என்று நினைத்திருந்தேன்.

2020இல் மெக்ஸிகோ ஆய்வாளர்கள் அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு இனத்தை வெளியே எடுத்து, ஹெட்டேரினா கால்வர்ட்டி என்று பெயர் வைத்தார்கள். கால்வர்ட்டின் பெயர் மறுபடி இங்கே வந்து நிற்கிறது. மரபணு பிரிந்திருக்கிறது, கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இருக்கிறது. எது என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். ஆணின் கவ்வி.

நியூ ஜெர்சிப் படங்களை அப்படியே விட்டுவிட்டேன். மெக்ஸிகோவில் எடுத்த பதினான்கு படங்களில் கவ்வி தெளிவாகத் தெரிவது மூன்று. மீதி பதினொன்றில் பெயரை அழித்துவிட்டு ‘ஹெட்டேரினா, அமெரிக்கானா கூட்டம்’ என்று எழுதினேன். எழுதிய பெயரை அழிப்பது சுலபமாக இல்லை. ஆனால் அழித்த பிறகு அந்தப் பட்டியலை எடுத்துப் பார்க்கும்போது அதை முன்பைவிட அதிகம் நம்புகிறேன்.

6 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் இன்று காலை ஒரு படம் அனுப்பியிருக்கிறார். ஒரு வருடமாகத் தேடியிருக்கிறார். பொழுது விடிந்து சற்று நேரத்தில், வெயில் ஏறும் முன், குளத்தை ஒட்டிய புல்லில் மண்டியிட்டு எடுத்தது. புல் இதழில் இன்னும் பனித்துளி இருக்கிறது.

மஞ்சள் வயிறு, பச்சைக் கோடு போட்ட மார்பு. ஆண். ஏன் முன்னிறக்கையைப் படம் எடுக்கச் சொன்னேன் என்று இப்போது சொல்கிறேன். பெரும்பாலான ஊசித்தட்டான்களுக்கு இறக்கையின் நுனியருகே நிறமுள்ள சின்னக் கட்டம் ஒன்று, முன் விளிம்பை ஒட்டி இருக்கும். நீங்கள் எடுத்த மற்ற படங்கள் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். ஹஸ்டாட்டா ஆணின் முன்னிறக்கையில் மட்டும் அந்தக் கட்டம் விளிம்பைத் தொடுவதில்லை. விளிம்பிலிருந்து விலகி, இறக்கைக்குள் தனியே மிதக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு காலத்தில் இதை இஸ்க்னூராவில் சேர்க்காமல் அனோமலாக்ரியான் என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆரஞ்சுக் கட்டம். அதற்கும் விளிம்புக்கும் நடுவே மயிரிழை அளவு வெற்றிடம், அதன் வழியே பின்னால் இருக்கும் புல்லின் பச்சை தெரிகிறது.